தூளைத் திட்டாதே

முக்கொம்பு

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் உன் கடையில் காபி குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். பத்துப் பேர் எதிரில் சொல்ல மனம் வரவில்லை. டிகாஷன் கறுப்பாகத்தான் இருந்தது. ருசி சப்பென்று இருந்தது. தூளை மாற்றப்போகிறேன் என்றாய். வேண்டாம், போர்வெல் தண்ணீரை நிறுத்து.

நானும் அதே தப்பைச் செய்தவன்தான். ஒரு கோடையில் குழாயில் காவிரி நின்றுபோய், ஒரு மாதம் போர் தண்ணீரில் டிகாஷன் இறக்கினேன். சிக்கரியைக் கூட்டிவிட்டார் என்று தூள் கொடுத்தவரோடு சண்டை. மேட்டூர் திறந்து ஆறு வந்ததும், அதே தூளில் பழைய ருசி. அவர் முகத்தில் விழிக்கவே வெட்கமாகிவிட்டது.

1836இல் ஆர்தர் காட்டன் மேலணை கட்டத் தொடங்கிய இந்த இடத்தில்தான் கொள்ளிடம் பிரிகிறது. உன் கடை இருக்கிற ஸ்ரீரங்கத்துக்கு இரண்டு பக்கமும் ஆறு, அடியிலும் அதே தண்ணீர்தானே என்று நினைப்பாய். உன் பாய்லரின் அடியைச் சுரண்டிப் பார், வெள்ளைப் பொருக்கு வரும். மண்ணுக்குள் கிடக்கிற தண்ணீர் பைகார்பனேட்டைச் சேர்த்துக்கொள்கிறது. காபிக்கென்று இருக்கிற சின்னப் புளிப்பை அது தின்றுவிடும். மிச்சம் வெறும் கசப்பு.

அந்த பைகார்பனேட் எவ்வளவு என்று பார்க்க, வண்ண மீன் கடையில் ‘கே.எச்.’ சோதனை மருந்து கிடைக்கும். 5 மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடு. நீலம் மஞ்சளாகும்வரை எண்ணு. ஒரு சொட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் காரத்தன்மை. குடிநீருக்கு 200 வரை இந்தியத் தரம் ஒப்புக்கொள்கிறது, வேறு வழியில்லையென்றால் 600. காபிக்கு 40 என்பது ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் கணக்கு. உன் போர் 14 சொட்டு காட்டினால் 250. அதில் ஒரு பங்கும் ஆர்.ஓ. தண்ணீர் ஐந்து பங்கும் கலந்தால் கணக்கு சரியாக வரும். முழுக்க ஆர்.ஓ. ஊற்றிவிடாதே, புளிப்பு முந்திக்கொள்ளும்.

பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டு, தெளிந்ததும் மேலாக இறுத்தாலும் பாதிக் காரியம் ஆகும். பொருக்கே படியவில்லை என்றால் அது சோடியம் பைகார்பனேட், கொதிக்கவைத்துப் பயனில்லை.

பீர் காய்ச்சுகிறவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. (நம் ஊரில் சட்டம் விடாது, ஆசைப்படாதே.) இங்கிலாந்தில் பர்ட்டன் ஊர்க் கிணறுகளில் ஜிப்சம் அதிகம், ஹாப்ஸ் பூவின் கசப்பு அதில் வறட்சியாக, துல்லியமாக எழும்பும். அதைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்களும் தண்ணீரில் ஜிப்சம் போட்டார்கள். ஆனால் பைகார்பனேட் மிகுந்தால் அதே கசப்பு நாக்கைப் பிறாண்டும். அதனால் முதலில் பைகார்பனேட்டை இறக்கிவிட்டுத்தான் ஜிப்சத்தில் கைவைப்பார்கள்.

ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்று. பால் விடாமல், வெந்நீர் கலந்து ருசி பார். பால் விட்டால் எந்தக் குறையும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை குழாய், போர், கலவை என்று மூன்று பாட்டில் எடுத்துக்கொண்டு வா. பில்டர் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்