கரும்பும் கூட்டுறவும்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப் பாதையில், சிங்கப்பெருமாள் கோயிலையும் செங்கற்பட்டையும் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால், படாளம் என்னும் ஊர் எதிர்ப்படும். மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்திருப்பது அவ்வூரிலேயாம்.

கரும்பு காத்திருக்கும் பொருளன்று. நெல்லை அறுத்துக் குதிரிலிட்டு, நல்ல விலை வரும்வரை வைத்திருக்கலாம். வெட்டிய கரும்போ ஒரு நாளைக்குள் ஆலையை அடைதல் வேண்டும். காலம் தாழ்ந்தால் நீர் வற்றி எடை குறையும். சாற்றிலுள்ள சர்க்கரையும் மணியாக உறையாத வேறு இனிப்புப் பொருள்களாக மாறிவிடும். பத்து டன் கரும்பில் ஏறத்தாழ ஒரு டன் சர்க்கரையே கிடைக்குமாதலால், இவ்விழப்பு சிறிதன்று. ஆகவே, பத்துப் பன்னிரண்டு திங்கள் பாடுபட்ட உழவன், ஆலை வழங்கும் வெட்டு உத்தரவை எதிர்நோக்கியே இருக்கிறான்.

அருகிலுள்ள ஓர் ஆலையையே நம்பி வாழ்பவன், அது தனியொருவர்க்கு உரியதாயின், அவர் சொல்லுக்கு இசைய வேண்டியவனாவான். உழவரே ஆலைக்கு உடைமையாளரானால் என்ன? மராட்டிய நாட்டில் பிரவரா ஆற்றுப் பகுதி உழவர்கள், விட்டல்ராவ் விகே பாட்டீலின் முயற்சியாலும், பொருளியல் அறிஞர் தனஞ்சயராவ் காட்கிலின் துணையாலும், பங்குப்பணம் திரட்டி ஆலை நிறுவினர். 1950-51ஆம் ஆண்டுப் பருவத்தில் அது அரைவையைத் தொடங்கிற்று. கடன்பட்டுக் கிடந்த சிறு குடியானவர்கள் அதனைச் செய்தனர் என்பதே வியப்பு. அம்முறை பின்னர்ப் பிற பகுதிகளிலும் பரவியது.

உடைமை கைக்கு வந்ததனால் இடர் ஒழிந்துவிடவில்லை. மழை பொய்த்து ஏரி வறண்டால் கரும்பு குறையும். கரும்பு குறைந்தால் பொறிகள் ஓயும். சம்பளமும் வட்டியுமோ ஓயா. பதினான்கு நாளுக்குள் கரும்புப் பணம் தரவேண்டும் என்று 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை விதித்திருப்பினும், நாட்டின் பல ஆலைகளில் அது திங்கள் கணக்கில் நிலுவையாக நின்றதுண்டு. நிலுவையைக் கண்ட உழவன் மறு ஆண்டு கரணை நடத் தயங்குவான். அதனால் ஆலைக்குக் கரும்பு மேலும் குறையும். தொழிற்கூடங்கள் பெருகிய செங்கற்பட்டுப் பகுதியில் வெட்டுக்கு ஆள் கிடைப்பதும் எளிதன்று. விளைநிலத்தை மனையாக விற்போரும் உளர்.

எனினும், கரும்பில் வீணாவது ஒன்றுமில்லை. சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கலாம். கழிவுப்பாகிலிருந்து, பெட்ரோலுடன் கலக்கும் எரிசாராயம் வடிக்கலாம். 1912இல் தோன்றிய கோயம்புத்தூர்க் கரும்பு இன ஆராய்ச்சி நிலையம் தந்த வகைகளும், சொட்டுநீர்ப் பாசனமும் விளைவைப் பெருக்க உதவுகின்றன. ஆனால், புதுப் பொறிகளுக்கு முதல் வேண்டும். நலிந்த ஆலை அதனைக் கடனாகவே பெறவேண்டியிருக்கும். அக்கடனைத் தீர்ப்பதற்கு முன் தம் கரும்புப் பணம் வரவேண்டும் என்று பங்குதாரர் கேட்பதில் தவறில்லை. ஆயினும், கடன் பட்டிருப்பதும் அவர்களுடைய ஆலையேயன்றோ?