கண்வலியும் கண்ணைக் கெடுக்கும் பிற நோய்களும்

கண்வலி நம் கிராமத்தார் யாவரும் அறிந்த நோய். வெள்விழியையும் இமைகளின் உட்புறத்தையும் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வு சிவந்து வீங்குவதே அது. சென்னைப் பட்டணத்தார் இதனை ‘மெட்ராஸ் ஐ’ என்பர். பெரும்பாலும் தானே தணிவதாகையால் இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் சிவந்த கண்ணெல்லாம் கண்வலியன்று என்பதை அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

ஒரு கண்ணில் நீராய் வடியத் தொடங்கி, சில நாளில் மறு கண்ணையும் பற்றி, வீட்டாரை ஒருவர்பின் ஒருவராகப் பீடிக்குமாயின், அது வைரஸ் என்னும் நுண்கிருமியால் வந்ததாகும். ஓரிரு வாரங்களில் தணியும். கிருமிகொல்லிச் சொட்டுமருந்தால் இதற்குப் பயனில்லை. மஞ்சள் நிறச் சீழ் தள்ளி, விடியலில் இமைகள் ஒட்டிக்கொள்ளுமாயின் அது பாக்டீரியாவின் வேலை. அதற்கு அம்மருந்து உதவும். அரிப்பே மிகுந்து, பருவந்தோறும் இரு கண்களிலும் வருவது ஒவ்வாமை. அது பிறருக்குத் தொற்றாது.

நோயாளியைப் பார்த்தாலே தொற்றும் என்பது தவறு. கையும் துண்டும் தலையணையுமே நோயைச் சுமந்து செல்வன. சங்கக் காரியாலயங்களில் ரேகை பதித்தபின் கை துடைக்க மாட்டியிருக்கும் ஒரே துணியைக் காணுந்தோறும் எனக்கு இந்நினைவே வருகிறது, காரியதரிசிகள் கோபிக்கலாகாது! சோப்பிட்டுக் கை கழுவுக. காய்ச்சி ஆறிய நீரில் நனைத்த சுத்தத் துணியால் பீளையைத் துடைத்து, அத்துணியை எறிந்துவிடுக. தாய்ப்பாலும் பூச்சாறும் பிழிவது அன்பினாற் செய்வதே. ஆயினும் அவற்றோடு புதுக் கிருமியும் கண்ணிற் புகக்கூடும்.

இனி முக்கியமானது. அறுவடையிலோ போரடிக்கையிலோ நெல்லின் தாளோ உமியோ கண்ணிற் பட்டபின் ஒரு கண் மட்டும் சிவந்து, கடுமையாக வலித்து, வெளிச்சம் பொறாது, பார்வை மங்கினால் அது கண்வலியன்று. கருவிழியின்மேல் வெண்புள்ளி தோன்றினாலும் அவ்வாறே. அது கருவிழிப் புண். நம் பக்கத்து உழவர்களுக்கு இப்புண் பூஞ்சணத்தாலும் வருகிறது. அப்போது கடையில் தாமே வாங்கிய ஸ்டீராய்டு சொட்டுமருந்தை விடுவது பெருங்கேடு. சிவப்பு சிறிது குறைந்தாற்போற் காட்டி, உள்ளே புண்ணை வளர்க்கும். ஒரு நாட் கூலி போமே என்று தயங்குவோர் உண்டு. கண் போனால் வாழ்நாட் கூலியன்றோ போகும்? அன்றே கண் வைத்தியரிடம் செல்க.

பிறந்து 28 நாட்களுக்குட்பட்ட சிசுவின் கண்ணில் சீழ் வடிவதும் அவ்விதமே. தாயிடமிருந்து பிரசவத்திற் பற்றும் மேகவெட்டைக் கிருமி, ஓரிரு நாளிற் கருவிழியைத் துளைக்க வல்லது. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்துப் பிரசவ வைத்தியர் கிரெடே, பிறந்த சிசுவின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விடும் முறையை 1881-இல் வெளியிட்டார். அவரது ஆஸ்பத்திரியில் நூற்றுக்குப் பத்தளவில் இருந்த இந்நோய், அதனால் ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று. நோய் கண்டுவிட்ட சிசுவுக்கோ சொட்டு மட்டும் போதாது. ஆஸ்பத்திரியில் ஊசி மருந்தும் வேண்டும். தாயும் தந்தையும் உடன் சிகிச்சை பெறவேண்டும். இதில் நாணம் கூடாது.