பக்கத்து அறைக் கதவு: கணிப்பொறிக் கருவிகளைத் தனிமைப்படுத்தல்

கணிப்பொறியின் நினைவகத்தில் எழுதவும் படிக்கவும் வல்லது செயலி ஒன்றே என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். அது சரியன்று. வலைப்பின்னல் அட்டையும் வட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியும்கூட நினைவகத்தை நேரே தொடுகின்றன. வினாடிக்கு 100 கோடி பிட் வேகமுள்ள ஓர் அட்டை, வினாடிதோறும் 12.5 கோடி பைட்டுகளைக் கொண்டுவந்து கொட்டக்கூடியது. ஒவ்வொன்றையும் செயலியே எடுத்து வைப்பதென்றால் அதற்கு வேறு வேலை ஓடாது. ஆகவே கருவியே எழுதிவிடுகிறது. இதற்கு நேரடி நினைவக அணுகல், சுருக்கமாக டி.எம்.ஏ., என்று பெயர்.

கருவி கெட்ட எண்ணத்தோடு செய்யப்பட்டதாக இருந்தால்? நினைவகத்திலுள்ள கடவுச்சொல்லும் அதற்குத் திறந்த புத்தகந்தான்.

இதைத் தடுக்க, கருவிகளுக்கும் நினைவகத்துக்கும் நடுவே ஐ.ஓ.எம்.எம்.யூ. என்ற காவலரை வைக்கிறார்கள். கருவி கேட்கும் முகவரியை அவர் தம் அட்டவணையில் தேடுவார். பெரும்பாலும் 4096 பைட் கொண்ட பக்கங்களாக அனுமதி எழுதப்பட்டிருக்கும். இல்லாத பக்கத்துக்கு வழியில்லை. காவலர் இருந்தால் மட்டும் போதாது என்பது வேறு கதை. 2019-இல் வெளிவந்த 'தண்டர்கிளாப்' ஆய்வு, இயக்க முறைமைகள் அவரைத் தளர்வாகப் பயன்படுத்தியதைக் காட்டியது.

நம் கவலை இன்னொன்று. மாணவர் விடுதியின் வாயிலில் காவலர் இருக்கிறார். ஆனால் இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு கதவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காவலருக்கு என்ன தெரியும்? பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் அமைப்பிலும் இப்படித்தான். பல கருவிகளை இணைக்கும் கிளைப்பெட்டி, ஒரு கோரிக்கையின் முகவரி பக்கத்துக் கருவிக்குரியது எனக் கண்டால், மேலே அனுப்பாமல் நேராக அங்கே திருப்பிவிடலாம். 'எல்லாவற்றையும் மேலே அனுப்பு' என்று ஆணையிடும் வசதி ஏ.சி.எஸ். எனப்படும். அது எல்லாப் பெட்டிகளிலும் இல்லை.

லினக்சின் கெர்னல், அதாவது இயக்க முறைமையின் கரு, இந்த வசதி உண்டா என்று வழியெங்கும் சோதித்து, பிரிக்க முடியாத கருவிகளை ஒரே குழுவாக்குகிறது. 2012-இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து இது உண்டு. ஒரு குழுவை இரண்டு மெய்நிகர் கணிப்பொறிகளுக்குப் பங்கிட முடியாது. ஒரே இயந்திரத்தில் இரு வாடிக்கையாளர்கள் இருந்தால் இதன் அருமை புரியும்.

இப்போது ஒரு கணக்கு. அ, ஆ என்று இரு கிளைகள். அ-வுக்கு ஏ.சி.எஸ். உண்டு, ஆ-வுக்கு இல்லை. அ தனிக் குழுவா? 'அதற்குத்தான் தடுப்பு இருக்கிறதே' எனலாம். ஆனால் அத்தடுப்பு அ-விலிருந்து புறப்படும் கோரிக்கையைத்தான் மேலே அனுப்பும். ஆ-விலிருந்து கிளம்புவது தடையின்றி அ-வுக்குள் நுழையலாம்! எனவே அ-வை மட்டும் கேட்கும் சோதனை தவறு. இருபுறமும் கேட்க வேண்டும். மேலும், அ-வும் ஆ-வும் ஒரு குழு, ஆ-வும் இ-யும் ஒரு குழு என்றால் மூன்றும் ஒரே குழு. கணிதத்தில் நீங்கள் படித்த சமானத் தொடர்பு இதுவே.

எதிர்மாறான சிக்கலும் உண்டு. சில கருவிகளில் பக்கவழியே கிடையாது; ஆனால் அதை அறிவிக்கும் பதிவேடும் இல்லை. தயாரிப்பாளர் உறுதி கூறினால் கெர்னல் அவற்றை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். சோதனையையே ஏமாற்றும் ஒரு திருத்தமும் பயனாளர்களிடையே புழங்குகிறது. அதிகாரபூர்வக் கெர்னல் அதை ஏற்கவில்லை. ஏற்காததே சரி என்பது என் கருத்து. அத்திருத்தம் கெர்னலின் எண்ணத்தை மாற்றுமே தவிர, கதவை மூடாது.

சோதனையைச் சரிசெய்யும்போது சில குழுக்கள் பெரிதாகும். நேற்றுவரை தனியே பிரித்துக் கொடுத்த அட்டையை இன்று கொடுக்க முடியாமற் போகும், முறையீடுகளும் வரும்.