உயில் எழுத உரிய காலம்

பி.எஸ்ஸி. (வேதியியல்), இரண்டாம் ஆண்டு

உயில் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. உச்சரித்தால் சாவை வாவென்று அழைத்ததாகும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. அந்நம்பிக்கையால் எங்கள் குடும்பம் பட்டதை எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

என் தாத்தா கூலி வேலை செய்து சேர்த்த காசில் மூன்று சென்ட் நிலம் வாங்கி, ஓட்டு வீடு ஒன்று கட்டினார். கணவரை இழந்து பிறந்த வீடு திரும்பிய என் அத்தைதான் அவருக்குக் கடைசிவரை கஞ்சி காய்ச்சி ஊற்றியவர். "இந்த வீடு அவளுக்குத்தான்" என்று தாத்தா ஊரறியச் சொல்வார். "அதை எழுதி வைத்துவிடுங்களேன்" என்றால், "நான் என்ன இப்பவே போயிடப் போறேனா?" என்று சிரிப்பார்.

ஒருநாள் வாதம் வந்து நினைவு தப்பியது. உறவினர் ஒருவர் தாளும் மைப்பெட்டியும் கொண்டு வந்தார். அத்தையே தடுத்துவிட்டார். "நினைவில்லாத விரலைப் பிடிச்சு வச்சா, அது எங்கப்பா கொடுத்ததாகுமா?" என்றார். எழுத்தறியாத அத்தை சொன்னதுதான் சட்டமும் என்பதைப் பின்னரே படித்தறிந்தேன்.

சட்டம் கூறுவது

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, 18 வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் உயில் எழுதலாம். கண் தெரியாதவரும் வாய் பேசாதவரும், தாம் செய்வதை அறிந்தவராயின், எழுதலாம். நோயாலோ மதுவாலோ தாம் செய்வது இன்னதென்று அறியாதவர் எழுத முடியாது.

உயில் இல்லாவிடில், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தையின் தனிச் சொத்து மகன், மகள், மனைவி, தாய் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். பாட்டி முன்பே காலமாகிவிட்டதால், மூன்று மகன்களும் அத்தையுமாக நான்கு பங்கு ஆயிற்று. சட்டம் அநீதி செய்யவில்லை. எல்லாரையும் சமமாகவே கண்டது. ஆனால் கஞ்சி ஊற்றியவர் யார் என்று சட்டத்துக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்ல வேண்டியவர் தாத்தா ஒருவரே. வீடு விற்கப்பட்டது. அத்தை இன்று வாடகை அறையில் இருக்கிறார். என் தந்தையின் பங்குப் பணத்தில்தான் என் முதலாண்டு விடுதிக் கட்டணம் கட்டப்பட்டது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

எப்போது, எப்படி?

நலமாக இருக்கும்போதே எழுத வேண்டும். சொத்து வாங்கியதும் எழுதலாம். திருமணம், குழந்தைப் பிறப்பு, குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் மாற்றி எழுதலாம். எழுதியவர் உயிரோடிருக்கும்வரை சொத்து அவர் கையிலேயே இருக்கும். எத்தனை முறை மாற்றினாலும் கடைசி உயிலே செல்லும்.

முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் கையெழுத்தோ கைரேகையோ இட வேண்டும். அதைக் கண்ட சாட்சிகள் இருவராவது, அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். சாட்சிகள் வயதில் இளையவராகவும் சொத்துப் பெறாதவராகவும் இருப்பது நலம். பதிவு கட்டாயமன்று, ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் பின்னர் வழக்குக்கு இடம் குறையும். பொதுக் குடும்பச் சொத்தில் தம் பங்கை மட்டுமே எழுத முடியும். இசுலாமியர்க்கு அவர்தம் சமயச் சட்டம் பொருந்தும். வாரிசுகளின் இசைவின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத இயலாது.

நாம் செய்ய வேண்டியது

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். ரேஷன் அட்டை மனு முதல் வங்கிப் படிவம் வரை நாமே நிரப்புகிறோம். ஆனால் பெற்றோரின் உயிலை மட்டும் நாம் முன்னின்று எழுதலாகாது. பயன் பெறுபவர் முன்னின்றால் நீதிமன்றத்தில் ஐயம் எழும். பத்திர எழுத்தரிடமோ வழக்கறிஞரிடமோ அவர்களே சென்று, தம் விருப்பத்தைத் தம் வாயால் சொல்லட்டும். நம் கடமை, அச்சமின்றிப் பேச்சை எடுப்பது.

சென்ற பொங்கல் விடுமுறையில் நான் பேச்சை எடுத்தேன். அம்மா முகம் சுளித்தார். அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எழுதத்தான் வேணும். நம்ம வீட்டுல உங்க அத்தைக்கு ஒரு அறைன்னு முதல்ல எழுதச் சொல்றேன்" என்றார்.