மாலையைக் கழற்றிய சாயங்காலம்

கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொள்கிறார். அதுவரை நாள் தவறாமல் குவார்ட்டர் அடித்தவர், மலைக்குப் போய்வரும்வரை ஒரு சொட்டுத் தொடுவதில்லை. திரும்பி வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே டாஸ்மாக் வாசலில் நிற்கிறார். தெருவுக்கு ஒருவராவது இப்படி உண்டு. அவரைக் காட்டியே இரண்டு கட்சியும் பேசுகிறது. சாமிக்குப் பயந்தால் நிறுத்திவிடலாம் என்பது ஒரு கட்சி. பக்தியெல்லாம் வெளிவேஷம் என்பது இன்னொன்று. விரத நாட்களில் அந்த மனுஷன் காலையிலிருந்து ராத்திரிவரை என்ன செய்துகொண்டிருந்தார் என்று இரண்டு பேருமே பார்ப்பதில்லை.

நம்பிக்கை: மனசாரச் சத்தியம் செய்தால் போதும், மீதியைச் சாமி பார்த்துக்கொள்ளும்.

விடியற்காலை 4 மணிக்குப் பச்சைத்தண்ணீர்க் குளியல். கறுப்பு வேட்டி, வெறுங்கால். நேற்றுவரை ‘மச்சான்’ என்று தோளில் கைபோட்டவன் இன்று ‘சாமி’ என்கிறான். கிளாஸை நீட்ட அவனுக்கே கூச்சம். கட்டிங்குக்குக் கூட்டாளி தேடும் ஆறரை மணிக்கு இவர் பஜனையில் கைதட்டிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் இவரைப்போல் பத்துப் பேர், மேலே ஒரு குருசாமி. குடிக்கலாமா வேண்டாமா என்று தனியே உட்கார்ந்து யோசிக்க நேரமே வாய்ப்பதில்லை. மாலை கழன்ற அன்று இவை அத்தனையும் சேர்ந்தே கழன்றுவிடுகின்றன. மறுநாளும் சாமி அதே சாமிதான். ஆறரை மணிதான் காலியாகிவிட்டது.

இது நம்மூர் பலவீனம் என்று நினைக்க வேண்டாம். நியூயார்க் பங்குச்சந்தை ஆள் பில் வில்சன், 1934 டிசம்பரில் மருத்துவமனைப் படுக்கையில் பேரொளி ஒன்றைக் கண்டதாகச் சொன்னார், அதன்பின் குடிக்கவில்லை. அடுத்த மே மாதம், போன காரியம் கைகூடாமல், ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் ஒரு ஹோட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பார். இன்னொரு பக்கம் தொலைபேசி, பக்கத்திலேயே உள்ளூர் தேவாலயங்களின் பட்டியல். ஒளி கண்டவருக்கே கால் பார் பக்கம் இழுத்தது. தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்: இரண்டு வருஷத்துக்கும் மேலாக ஒரு ஜெபக்குழுவுக்குப் போய்க்கொண்டே குடித்துக்கொண்டும் இருந்தவர். வில்சனைச் சந்தித்த பிறகும் ஒருமுறை வழுக்கினார். அவர் கடைசியாகக் குடித்த நாளாக வைத்துக்கொண்ட 1935 ஜூன் 10தான், குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., கொண்டாடும் பிறந்தநாள்.

நம்பிக்கை: கடவுளை நம்பாதவருக்கு ஏ.ஏ. சரிப்படாது.

குடியை விட அவர்கள் வகுத்த 12 படிகளில் கடவுள் வருகிறார், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 1939-ல் வெளிவந்த அவர்களுடைய புத்தகத்திலேயே அது அவரவருக்குப் புரிந்த கடவுள்தான். சேர்வதற்குக் குடியை விடும் ஆசை ஒன்றே தகுதி. வாரந்தோறும் கூடும் அந்தக் கூட்டத்தையே தன்னைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2020-ல் 27 ஆய்வுகளை, 10,000-க்கு மேற்பட்டவர்களின் விவரங்களை அலசியது. முறையாக ஏ.ஏ.வில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிகிச்சை, அறவே குடிக்காமல் இருப்பதற்கு மற்ற பேச்சுவழிச் சிகிச்சைகளைவிடக் கூடுதலாகவே உதவுகிறது என்று தெரிந்தது.

நம்பிக்கை: குடியை விடக் கோயிலில் கயிறு கட்டிய மூன்றாம் நாள் உளறினால் தெய்வக் குத்தம்.

இதில் மட்டும் விளையாடக் கூடாது. வருஷக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்த உடம்பு, சட்டென்று நிறுத்தினால் தாங்காது. முதல் நாளே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு சண்டை போடுவார். கோயிலில் கயிறு கட்டிவந்த வீட்டில் இதைப் பார்த்தால் விபூதியைத்தான் தேடுவார்கள். மருத்துவத்தில் இதற்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தும் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் ஆஸ்பத்திரியில் கிடைக்கும். டாக்டரைப் பார்த்துவிட்டுக் கயிறு கட்டினால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

மாத்திரை சாப்பிட்டால் நம்பிக்கை குறைவு என்பதும் வெட்டிப்பேச்சு. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவை டாக்டர் எழுதித்தரும் மருந்துகள். சாமி கும்பிட்டுவிட்டே விழுங்கலாம். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மருந்தை ஆளுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலப்பதுதான் கூடாது. அது தெரியாமல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகிவிடும்.

நம்பிக்கை: ஒரு மண்டலம் தாண்டிவிட்டால் பழகிவிடும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2010-ல் வெளிவந்தது. சாப்பாட்டோடு ஒரு பழம் தின்பது போன்ற சின்னப் பழக்கம் தானாக வருவதற்கே, ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள்வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். பழம் தின்னவே இந்தப் பாடு.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் குடியை விட்டு ஒன்பது வருஷமாகிறது. பட்டறையிலிருந்து வீட்டுக்குப் போகும் நேர்வழியில் கடை இருப்பதால் இன்னமும் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார். ஐந்தரை மணிக்குக் கட்டாயம் ஒரு டீ, இரண்டு வடை. பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலு பேரில் யார் வந்தாலும் பின்னாலேயே குடி நினைப்பும் வரும் என்று ஏ.ஏ. மீட்டிங்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முதல் ஆளை வடை கொடுத்து அனுப்பிவிடுகிறாராம். கல்யாண வீட்டில் முதல் பந்தியோடு கிளம்பிவிடுவார். காலையில் பிள்ளையார் முன்னால் நின்று இன்றைக்கு ஒரு நாள் என்று மட்டும் கேட்கிறார். ராத்திரி படுக்குமுன் நன்றி சொல்கிறார். மறுநாளும் அதே பிள்ளையார், அதே கோரிக்கை.

போன கார்த்திகையில் கூட்டாளிகள் மாலை போடக் கூப்பிட்டார்களாம். வரவில்லை என்றுவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

“கழட்டுற நாள்னு ஒண்ணு வருமே சார்” என்றார், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே.