துணிக்கேற்ற உடல்

தையற்காரர் உடலை அளந்து துணியை வெட்டுவார். மேலைநாட்டு ஆடை அலங்கார மேடையிலோ முறை தலைகீழ். மாதிரி உடைகளைச் சிறிய அளவொன்றில் முன்னதாகவே தைத்துவிடுகிறார்கள். அதற்குள் புகும் பெண்ணுக்கே வேலை. மெலிவு மோகத்தின் வேர் இங்கேதான் என்பது என் கருத்து.

2006 ஆகஸ்டில் உருகுவே நாட்டு லூயிசெல் ராமோஸ், மேடையில் நடந்து திரும்பியதும் இதயம் செயலிழந்து மாண்டார். வயது 22! மறுமாதமே மாட்ரிட் ஆடைக்காட்சி, உடல் நிறை எண் 18க்குக் குறைந்த பெண்களை விலக்கியது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்தால் கிடைப்பது அவ்வெண். அதன்படி 175 செ.மீ. உயரமுள்ளவருக்கு 55 கிலோவுக்குச் சற்று மேலாவது வேண்டும். பிரான்சில் 2017 முதல் மருத்துவச் சான்றிதழும் கட்டாயமாயிற்று.

இவையெல்லாம் உடலை நிறுத்துப் பார்ப்பவை. 2017 செப்டம்பரில் எல்.வி.எம்.எச்., கெரிங் என்னும் இரு பெரும் நிறுவனங்கள், பெண்களைத் தேர்ந்தெடுக்கும் நிபந்தனையிலிருந்து பிரெஞ்சு உடையளவு 32ஐ நீக்குவதாக உறுதியளித்தன. 34ஆவது இருக்கவேண்டுமாம். இரண்டு எண்தானே என்று நகைக்கலாம். துணியின் பக்கம் கைவைத்த ஏற்பாடு என்பதால் இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.