அரைவேக்காடு யார்?

குயின் ராக் குழுவின் கச்சேரித் தொகுப்பு ‘லைவ் அட் தி ரெயின்போ 74’ 2014இல் வெளிவந்த கையோடு வாங்கினேன். ஆவடி லோக்கலில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்து, வில்லிவாக்கம் வருவதற்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டேன்: அரைவேக்காடு. அதோடு பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கமே போகவில்லை. போன மாதம் பூந்தமல்லியில் அக்கா வீட்டில், அவள் பையனுடைய ஸ்பீக்கரில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து கேட்டேன். அரைவேக்காடு யார் என்று விளங்கிவிட்டது.

ரெயின்போ, லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் இருந்த தியேட்டர். ஆண்கள் கண்ணுக்கு மை தீட்டி, பளபளா சட்டையோடு மேடையேறிய கிளாம் காலம். பாடகர் ஃப்ரெடி மெர்க்குரிக்கு ஜான்ட்ரா ரோட்ஸ் தைத்துக் கொடுத்த வெள்ளை மடிப்புச் சட்டை, கையை விரித்தால் இறக்கைதான். பஞ்ச்கனி போர்டிங் ஸ்கூலில் படித்த பார்சிப் பையன் அவர்; அங்கேயே நண்பர்களோடு குழு சேர்த்து வாசித்தவர். இது தெரிந்ததிலிருந்து எனக்கு அவர் பாதி நம்ம ஊர்.

தொகுப்பில் இருப்பது இரண்டு கச்சேரி: 1974 மார்ச் 31 ஒன்று; அதே வருஷம் நவம்பர் 19, 20 இரண்டு ராத்திரியும் சேர்ந்தது இன்னொன்று. மார்ச்சைத்தான் முதலில் போட வேண்டும். அன்றைக்கு ரயிலில் நான் நவம்பரில் இரண்டு பாட்டு, மார்ச்சில் ஒரு பாட்டு என்று மேய்ந்தேன், அதுதான் தப்பு. மார்ச்சில் அவர்களுடைய இரண்டாவது இசைத்தட்டு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் இன்றைக்கே காட்டிவிட வேண்டும் என்கிற பரபரப்பு பாட்டுக்குப் பாட்டு தெரிகிறது. பிறகு அமெரிக்கா போனார்கள். மே மாதம் கிதார்காரர் பிரையன் மேக்குக் கல்லீரல் அழற்சி வந்து பயணம் பாதியில் நின்றது. ஊர் திரும்பினால் குடல் புண். அவர் படுத்துக் கிடந்த நாட்களிலேயே அடுத்த இசைத்தட்டு வேலை நடந்தது. அதிலிருந்து வந்த ‘கில்லர் குயின்’ பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை ஏறியது. நவம்பரில் ஃப்ரெடி நிறுத்தி நிதானமாகப் பாடுகிறார். கூட்டம் காத்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நடுவில் எட்டு மாதம் கூட இல்லை.

‘சன் அண்ட் டாட்டர்’ பாட்டின் நடுவே வரும் தனிக் கிதாரை இரண்டு கச்சேரியிலும் கேளுங்கள். மே ஒரு சங்கதி வாசிக்கிறார், எதிரொலிக் கருவி அதைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தருகிறது, அதன் மேலேயே அடுத்ததை வாசிக்கிறார். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து சபா கேன்டீனுக்குப் போகிற ஆள் நான். இதற்கு எழுந்திருக்கவில்லை.

என்னிடம் பழைய கேசட் ஒன்று உண்டு, நவம்பர் கச்சேரியின் வீடியோவிலிருந்து யாரோ இறக்கியது. அதோடு ஒப்பிட்டு, “புதுசுதான்டா நல்லா இருக்கு” என்றேன்.

“மாமா, ரெண்டையும் ஒரே சவுண்டுலதான் வச்சீங்களா?”

வைக்கவில்லை. கொஞ்சம் உரக்க ஒலிப்பதைக் காது நல்லது என்று நம்பிவிடும். ரீமாஸ்டர் செய்யும்போது பல தட்டுகளில் சத்தத்தையும் ஏற்றிவிடுகிறார்கள். அதனால் முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். சமப்படுத்திய பிறகும் புதுசுதான் ஜெயித்தது. பேஸ் கிதாரும் டிரம்ஸும் கேசட்டில் ஒரே கூழாகக் கிடந்தன, இதில் தனித்தனியாக நிற்கின்றன.

ஒரு குறை மட்டும் சொன்னேன்: சிம்பல் மங்கலாக இருக்கிறது.

“தகதகன்னு கேக்குதே, மாமா!”

அவனுக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. காது பரிசோதனைக்குப் போனேன். 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம். தொடர்ந்த இரைச்சல் முதலில் தின்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தானாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றவன் நான், காதில் பஞ்சை வைத்துக்கொண்டு. போன சத்தம் திரும்பாது என்றார் டாக்டர்.

பிரஸ் ஷாப்பில் நிற்கிற தம்பிகளே, பஞ்சு போதாது. சரியான இயர்பிளக் கேட்டு வாங்கிப் போடுங்கள், நாளைக்கே.